தேனீக்குத் தெரியாத சிவப்பு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த பெயின்ட் கம்பெனியில் இப்போது நிறம் பார்ப்பது ஒரு கருவி. மாதிரியை அதன் வாயருகே வைத்தால் போதும். எந்தச் சாயம் எவ்வளவு குறைகிறது என்று திரையில் சொல்லிவிடும். அதை இயக்கும் வினோத் என்ற இளைஞர் எங்கள் ஓய்வுபெற்றோர் கூட்டத்துக்கு வந்திருந்தார். டீ குடித்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "சார், நீங்க வெறும் கண்ணால பாத்து பாஸ் பண்ணதுல ஒண்ணு கூட ரிட்டர்ன் வந்ததில்லையாமே? நெஜமா? நம்ம கம்பெனி ஆண்டு மலருக்கு அத எழுதிக் குடுங்க சார்."

பக்கத்தில் இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். நானும் மறுக்காமல் சிரித்துவைத்தேன். மேனாம்பேட்டில் இருக்கும் வீட்டுக்கு நடந்து வரும்போது அந்தச் சிரிப்பு என்னை உறுத்தியது. ஒரு முறை ரிட்டர்ன் வந்தது. கம்பெனி வாசலுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அது என்னிடமே வந்தது. நான் அதை யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொண்டேன். வினோத் கேட்ட பெருமையை எழுத என்னால் முடியவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர் விருப்பம்.

நான் ரசாயனம் படித்தவன். சேர்ந்த புதிதில் அரவைப் பகுதியில் போட்டார்கள். பெரிய உருளைக்குள் கற்கள் புரண்டு சாயத்தை எண்ணெயில் அரைக்கும் சத்தத்தைத் தவிர அந்த நாட்களில் நினைவில் நிற்பது எதுவும் இல்லை. பிறகு நிறம் பார்க்கும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே பெருமாள் சார் இருந்தார்.

அந்த அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுவர், மேசை, நாற்காலி எல்லாம் சாம்பல் நிறம். வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல். அதில் நேர் வெயில் விழாது. உள்ளே வருகிறவர் என்ன சட்டை போட்டிருந்தாலும் மேலே ஒரு சாம்பல் கோட்டு மாட்டிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் சட்டையின் சாயல் தகட்டில் விழுந்தால் பார்வை கெடும். வாடிக்கையாளர் கொடுத்த மாதிரியையும் நாங்கள் பூசிய தகரத் தகட்டையும் ஓரத்தோடு ஓரம் ஒட்டிவைத்துப் பார்ப்போம். ஈரத்தில் பார்க்கக் கூடாது. காய்ந்தால் நிறம் மாறும். வெறித்துப் பார்க்கவும் கூடாது. சிவப்பை வெறித்துவிட்டு நிமிர்ந்தால் சாம்பல் சுவர் பச்சையாகத் தெரியும். அந்தக் கண்ணோடு அடுத்த தகட்டைப் பார்த்தால் கண் பொய் சொல்லும். ஒரு பார்வை, பிறகு சுவரைப் பார்த்து ஓய்வு, பிறகு இன்னொரு பார்வை. முதல் பார்வையில் தோன்றியதைத்தான் பெருமாள் சார் நம்புவார். "ரெண்டாவது பார்வையில நாம வாதாட ஆரம்பிச்சிடுவோம்" என்பார்.

மெலிந்த மனிதர். எல்லோரையும், தரை துடைப்பவரையும், 'ங்க' போட்டுத்தான் பேசுவார். அவர் வாயில் 'தப்பு' என்ற சொல்லை நான் கேட்டதில்லை. தகட்டைத் திருப்பிக் கொடுத்து, "இத ஒருதரம் வெளியில கொண்டு போய்ப் பாருங்களேன்" என்பார். தப்பு என்பதற்கு அவர் மொழியில் அதுதான் பெயர். வெளியே போனால் தெரியும். ட்யூப் லைட்டில் அண்ணன் தம்பி போல ஒத்திருந்த இரண்டு நிறங்கள் வெயிலில் யாரோ யாரோவாகப் பிரிந்து நிற்கும். இரண்டும் வேறு வேறு சாயங்களால் ஆனவை; ஒரு வெளிச்சத்தில் மட்டும் ஒன்றாக நடித்தவை.

எந்த வேலை வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்று உண்டு: "பாக்கப் போறது யாரு?"

அதன் பொருள் எனக்கு ஒரு இனிப்புக் கடையில் புரிந்தது. கடைச் சுவருக்கு ரோஸ் நிறம் கேட்டிருந்தார்கள். நான் பார்த்துப் பாஸ் செய்தேன். அடித்து முடித்ததும் கடைக்காரர் வந்து, லட்டெல்லாம் போன வாரம் பிடித்தது மாதிரி இருக்கிறது என்று சண்டை போட்டார். பெருமாள் சார் என்னைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டரில் கடைக்கே கூட்டிப் போனார். உள்ளே முழுக்க மஞ்சள் பல்புகள். என் ரோஸ் அங்கே துருப்பிடித்த தகரம் போல நின்றது. அவர் கால் கிலோ மைசூர்பாகு வாங்கினார், ஒரு துண்டை எனக்குக் கொடுத்தார், "வாங்க வர்றவர் பார்வையில பாருங்க" என்றார். மறுவாரம் அந்தப் பல்புகளை எங்கள் அறையில் மாட்டி, அதன் கீழே வேறு ரோஸ் தயாரித்துக் கொடுத்தோம். ஆகவே அது ரிட்டர்ன் கணக்கில் வரவில்லை.

சில வருடங்களில் எனக்கு ஒரு பெயர் வந்தது. சிவப்பு வகைகளில் என் கண் மற்றவர்களை விடக் கூர்மை. குங்குமம், மாதுளை, செங்காவி, அரக்கு, மிளகாய்ப்பழம் என்று ஒரு துளி கருப்பு கூடினாலும் குறைந்தாலும் சொல்லிவிடுவேன். பேக்கிங் பகுதியில் என்னை 'ரெட்டு சார்' என்றார்கள். கேட்டும் கேட்காதது போல் போவேன், உள்ளுக்குள் இனிக்கும்.

அந்தப் பேக்கிங் பகுதியில் ஏழுமலை இருந்தார். திருநின்றவூர்க்காரர். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தேடி வந்தார்.

"சார், எங்கக்கா தேன்பூச்சி வளக்குது சார். அஞ்சாறு பொட்டி கீது. இப்போ அந்தப் பொட்டிங்களையே பிரிச்சு இன்னும் பொட்டி போடப் போவுது. ஒவ்வொரு பொட்டிக்கும் ஒவ்வொரு கலரு அடிச்சாத்தான் பூச்சிக்கு தன்னோட ஊடு எதுன்னு தெரியும்னு ட்ரெய்னிங்ல சொல்லிகீறாங்க. மாதிரி டப்பாவுல மீந்தது எதுனா கீதா சார்?"

பெருமாள் சாரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயிலில் போனேன். ஏழுமலையின் அக்கா கஸ்தூரி, என்னைவிட இளையவர், ஏரிக்குப் பக்கம் கொய்யாவும் காய்கறியும் போட்டிருந்த குடும்பத்தின் மூத்த மருமகள். என்னைக் கண்டதும் முதலில் கேட்டது:

"நீலம் கொண்டாந்தியா சார்? நீலமும் மஞ்சாவும் வெள்ளையும் நல்லதுன்னு ட்ரெய்னிங்ல சொன்னாங்கோ."

எங்களிடம் அப்போது நீலம் மீந்திருக்கவில்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு: "நீலம் எல்லாரும் அடிப்பாங்கம்மா. ஊர்ல யார்கிட்டயும் இல்லாத கலருங்க உங்களுக்கு நான் தர்றேன்."

அடுத்த ஞாயிறு என் சிவப்புகள் எல்லாவற்றையும் கொண்டுபோனேன். குங்குமத்தில் தொடங்கி அரக்கு வரைக்கும், ஒவ்வொரு பெட்டியின் முகப்புக்கும் ஒரு சிவப்பு. நானே தூரிகை பிடித்து அடித்தேன். காய்ந்ததும் வேலியோரம் வரிசையாக அடுக்கியபோது எங்கள் கம்பெனி நிற அட்டை போலவே இருந்தது. கஸ்தூரியம்மாவின் கணவர் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார்.

"இன்னா சார், பொண்ணு ஊட்டுச் சீர் மாரி கீது."

"தள்ளித் தள்ளி வெக்கணும்னாங்க சார்" என்றார் கஸ்தூரியம்மா. "எடம் பத்தாதேன்னு பாக்கறேன்."

"இவ்வளவு கலர் வித்தியாசம் இருக்கும்போது எதுக்கும்மா தள்ளி? பக்கத்துல பக்கத்துலயே வைங்க. கண்ணு தெரியாதவனுக்குக் கூட அடையாளம் தெரியும்."

சொன்னவன் நான்தான். அந்த வார்த்தைகள் அப்படியே நினைவில் இருக்கின்றன.

தேனீக் கூட்டத்தைப் பிரித்தால், ராணி இல்லாத பாதியில் பூச்சிகளே புது ராணியை வளர்க்கும். அந்த இளம் ராணி வாழ்க்கையில் ஒரு தடவைதான், சில சமயம் இரண்டு மூன்று தடவை, வெளியே பறந்து போய் ஆண் ஈக்களோடு கூடித் திரும்பி வரும். திரும்பும்போது தன் பெட்டியில் நுழைய வேண்டும். அடுத்த பெட்டியில் நுழைந்துவிட்டால் அங்கிருப்பவை அதைச் சூழ்ந்து கொன்றுவிடும். அதன் சொந்தப் பெட்டி ராணி இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. முதலில் தெரிந்தது ஏழுமலையின் முகம்தான்.

"ராணி ராணியா செத்து வாசல்ல கெடக்குது சார். பிரிச்ச பொட்டி ஒண்ணும் நிக்கல. அக்கா சரியா துன்றதுகூட இல்ல."

அதை ஒரு வேடிக்கைச் செய்தி போலத்தான் நான் பெருமாள் சாரிடம் சொன்னேன். தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த அவர் கை நின்றது.

"என்ன கலர் கொடுத்தீங்க?"

"எல்லாம் நம்ம சிவப்பு வகைதான் சார். ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்ல."

"பாக்கப் போறது யாரு?"

நான் யோசிக்காமல், "கஸ்தூரியம்மா" என்றேன்.

"அவங்க பெட்டிக்குள்ள போக மாட்டாங்களே."

அன்று மாலை அவர் தேனீக்களைப் பற்றி ஏதோ புத்தகம் தேடிக் கண்டுபிடித்தார். மறுநாள் தகடுகள் தயாரிக்கச் சொன்னார். கம்பெனியின் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒரு காட்டுக் கூடு இருந்தது; அந்தத் தேனீக்கள் கேன்டீன் சர்க்கரைக்கு வந்து போகும். கேன்டீனுக்குப் பின்னால் நிழலில் ஒரு மேசை போட்டோம்.

அந்தச் சோதனையை அவர் செய்த விதத்தை நான் இன்றும் செய்துகாட்ட முடியும். ஒரே அளவில் தகடுகள். ஒன்று நீலம். மற்றவை சாம்பல், வெள்ளைக்குப் பக்கத்துச் சாம்பலில் தொடங்கிக் கருப்புக்குப் பக்கத்துச் சாம்பல் வரை. பெயின்ட் வாசனை குறுக்கே வரக் கூடாது என்பதற்காக ஒவ்வொன்றின் மேலும் கண்ணாடி. கண்ணாடி மேல் ஒரு சிறு கிண்ணம். நீலத்தின் மேல் இருக்கும் கிண்ணத்தில் மட்டும் சர்க்கரைத் தண்ணீர். மற்றவற்றில் வெறும் தண்ணீர். தகடுகளின் இடத்தை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருந்தோம், இடத்தை மனப்பாடம் செய்துவிடக் கூடாது அல்லவா? தேனீக்கள் பழகிய பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, புதுத் தகடு, புதுக் கண்ணாடி, எதிலும் சர்க்கரை இல்லாத கிண்ணங்கள். அவை நேராக நீலத்தில் போய் இறங்கி, இல்லாத சர்க்கரையைத் தேடின. எவ்வளவு வெளிச்சமான சாம்பலோ, எவ்வளவு மங்கிய சாம்பலோ, அவற்றை ஏமாற்ற முடியவில்லை. நீலத்தை அவை நீலமாகவே பார்த்தன.

"எவ்ளோ அழகு பாருங்க" என்றார் பெருமாள் சார். குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

பிறகு என் குங்குமச் சிவப்பு. அதே முறை. அதன் மேல் சர்க்கரை வைத்துப் பழக்கினோம். பழக்கிவிட்டு வெறும் கிண்ணங்களை வைத்தபோது தேனீக்கள் வந்தன. குங்குமத்தில் சில இறங்கின. கருப்புக்குப் பக்கத்துச் சாம்பலில் சில. கருஞ்சாம்பலில் சில. அரக்குத் தகட்டை வைத்தோம், அதிலும் இறங்கின. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி, தொலைத்த பொருளைத் தேடுவது போலச் சுற்றின. நான் துளித் துளியாகக் கருப்பு கலந்து பிரித்துவைத்த என் சிவப்புகள் எல்லாம் அவற்றுக்கு ஒரே இருட்டு.

பெருமாள் சார் அதோடு விடவில்லை. சுண்ணாம்பு பூசிய ஒரு தகடு, எங்கள் வெள்ளை எனாமல் பூசிய ஒரு தகடு. இரண்டையும் ஒன்றாகத் தெரியும் வரை நானே சரிசெய்தேன். ஓரம் சேர்த்து வைத்தால் எனக்கும் அவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தேனீக்களுக்குத் தெரிந்தது. சுண்ணாம்பில் சர்க்கரை வைத்துப் பழக்கினால் சுண்ணாம்புக்கே போயின. நமக்குத் தெரியாத புற ஊதா ஒளி அவற்றுக்கு ஒரு நிறம். சுண்ணாம்பு அதைத் திருப்பி அனுப்பும். எனாமலில் இருக்கும் வெள்ளைச் சாயம் விழுங்கிவிடும். எனக்கு வெவ்வேறாக இருந்தவை அவற்றுக்கு ஒன்று, எனக்கு ஒன்றாக இருந்தவை அவற்றுக்கு வெவ்வேறு.

"அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க" என்றார் பெருமாள் சார், கிண்ணங்களைக் கழுவிக்கொண்டே. "அவங்க மேல எந்தக் குறையும் இல்லன்னு சொல்லிடுங்க. நீலமும் மஞ்சளும் நான் தயாரிச்சுத் தர்றேன்."

சரி என்றேன். ஒரு வாரம் கழித்து அவர் கேட்டார்: "சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன் சார்."

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க சார். இனிமே பூச்சி வேணாம்னுட்டாங்க."

அவர் நம்பினார். பொய் சொல்பவனை எதிர்பார்த்து வாழ்ந்த மனிதர் அல்ல.

ஏன் சொல்லவில்லை என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. பெருமாள் சார் ஓய்வுபெற்றால் அந்த நாற்காலி எனக்கு என்று பேச்சு இருந்தது. பேக்கிங் பகுதியில் நான் ரெட்டு சார். ஏழுமலை வழியாக விஷயம் பரவினால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளினேன். தள்ளத் தள்ளச் சொல்வது கடினமானது.

அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. அந்த வீட்டில் எந்தப் பயிர் போட்டாலும் முதல் விதை கஸ்தூரியம்மாவின் கைதான் போடும். கல்யாணமாகி வந்த வருடம் அவர் போட்ட புடலை காய்த்துத் தள்ளியதாம். அதிலிருந்து அவருக்குக் கைராசி என்று மாமியாரே சொல்லி, பக்கத்து நிலத்துக்காரர்களும் வந்து கூட்டிப் போவார்களாம். ராணிகள் செத்த பிறகு ஒரு நாள் ஏழுமலை அட்டைப் பெட்டி ஒட்டிக்கொண்டே சொன்னார்:

"இப்பல்லாம் அக்காவ வெதை போடக் கூப்டறதில்ல சார். கை சரியில்லன்ட்டாங்கோ. சின்ன மருமவ வள்ளிதான் போடுது. அக்காவும் கேக்கல. எங் கையிலதான் இன்னாமோ ஆயிட்ச்சுன்னு அதுவே சொல்லுது."

நான் கேட்டேன். கேட்டுவிட்டு, "லேபிள் கோணலா இருக்கு, பாத்து ஒட்டு" என்றேன்.

நிறம் மட்டும்தான் காரணம் என்று இன்றும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. தேனீக்கள் இடத்தையும் பார்க்கும், வாசனையும் பார்க்கும். ஆனால் நெருக்கி வைக்கச் சொன்னதும் நான்தான். ஒரு பெண் தன் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள். அது கை அல்ல, கலர் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் நான் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு ஓய்வுபெற்று, சில வருடங்களில் காலமானார். இன்னொருவன் அவர் நாற்காலியில் உட்கார்ந்தான். ரிட்டர்ன் இல்லாத கண் என்று பெயர் வாங்கினான். கருவி வந்தபோது எல்லோரும் எனக்காக வருத்தப்பட்டார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. கருவிக்கு நாற்காலி ஆசை கிடையாது.

இந்த வருடம் ஆவடியில் கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேன். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தால் வெள்ளைச் சுவர் நீலம் பாய்ந்தது போல் பளீரென்று இருந்தது. இத்தனை நாள் பழுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன். என் மனைவி கட்டியிருந்த புடவையைப் பார்த்து, "இது எப்ப வாங்கினது? நல்ல கத்திரிப்பூக் கலர்" என்றேன்.

"நல்லா கேட்டீங்க. தீபாவளிக்கு எடுத்ததுதான். கடையில காப்பிக் கலர்னு சொன்னது நீங்க. நானும் எல்லார்கிட்டயும் காப்பிக் கலர்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"உனக்குக் கத்திரிப்பூவாத் தெரியலையா?"

"தெரிஞ்சுது. கலர் பாக்கறவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நீலம் கேட்டு வந்து, நான் சொன்னேன் என்பதற்காகச் சிவப்பை வாங்கிக்கொண்ட ஒருத்தி நினைவுக்கு வந்தாள். வினோத் கூட்டத்தில் கேட்டது அதற்கு அடுத்த வாரம்.

ஏழுமலைக்குப் போன் செய்தேன். திருநின்றவூர் ஸ்டேஷனுக்கு வண்டியோடு வந்திருந்தார்.

"இன்னா சார் திடீர்னு? கல்யாணப் பத்திரிகையா?"

"உங்க அக்காவப் பாக்கணும்."

நிலம் மனைகளாகிவிட்டது. மிச்சமிருந்த இடத்தில் மூன்று மாடி வீடு. கீழே கஸ்தூரியம்மா, மேலே வள்ளி குடும்பம், அதற்கும் மேலே வாடகைக்கு. ஆடி மாதம். மதில் ஓரத்தில் கொஞ்சம் மண் விட்டுவைத்திருந்தார்கள். கஸ்தூரியம்மா அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வரிசையாகக் குழிகள், எரு போட்டு மண்ணைப் பொலபொலவென்று ஆக்கிவைத்திருந்தார். மடியில் ஒரு தட்டு, அதில் அவரை விதைகள்.

"வா சார். கண்ணு ஆப்ரேசனாமே. நல்லாத் தெரியுதா?"

"தெரியுதும்மா. நீங்க வேலையப் பாருங்க, விதை போட்டுட்டே பேசலாம்."

"எல்லாம் ரெடியாத்தான் கீது. வள்ளி ரேசன் கடைக்குப் போயிகீறா. அவ வந்து கை வெக்கணும்."

அதைச் சாதாரணமாகச் சொன்னார், மழை வரும் என்பது போல. நான் மதிலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தேன். ஏழுமலை நாற்காலி கொண்டுவர ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் நான் தொடங்கிவிட்டேன். தேனீக்குச் சிவப்பு தெரியாது என்பதை, நான் அடித்த பெட்டிகள் எல்லாம் அவற்றுக்கு ஒரே கருப்பு என்பதை, நெருக்கி வைக்கச் சொன்னதை, கேன்டீனுக்குப் பின்னால் செய்த சோதனையை, அது முடிந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டதை, தெரிந்தும் வராததை எல்லாம் சொன்னேன்.

பெருமாள் சாரிடம் நான் இட்டுக்கட்டிச் சொன்ன சிரிப்பு அவர் முகத்தில் வரவில்லை. கஸ்தூரியம்மா தட்டில் இருந்த விதைகளை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"நீலம்தானே கேட்டேன் உன்னே."

"ஆமாம்மா."

"ராணிக்கு ஊடு தெரியாமத்தான் பூட்ச்சா?"

"ஆமா. உங்க கையில ஒண்ணும் இல்ல."

"எங்க ஊட்டுக்காரரு சாவறவரிக்கும் சொல்லிகினு கீந்தாரு. உன் கை அப்படி ஆயிட்ச்சே கஸ்தூரின்னு. திட்டலே, பாவப்பட்டு சொல்லுவாரு. அவுரு இருக்கசொல்லோ வந்து சொல்லியிருக்கக் கூடாதா சார்?"

ஏழுமலை நாற்காலியைப் பிடித்தபடி நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில் வள்ளி பையோடு வாசல் கதவைத் திறந்தார். கஸ்தூரியம்மா நிமிர்ந்தார்.

"வள்ளி, இங்க வா. சார், எங்கிட்டச் சொன்னத அப்படியே அவகிட்டயும் சொல்லு. எனுக்கு மட்டும் தெரிஞ்சு இன்னா ஆவப் போவுது?"

மறுபடி சொன்னேன். இரண்டாம் தடவை இன்னும் கடினமாக இருந்தது. வள்ளி பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப இத்தினி வருசமா என்னே வெயில்ல நிக்க வெச்சது நீதானா? எனுக்கு முட்டி வலி சார். கீரை போடணும்னாலும் வள்ளி, கொத்தமல்லி போடணும்னாலும் வள்ளி. மூணாவது மாடிக் குடித்தனக்காரி தொட்டியில தக்காளி வெக்கசொல்லோகூட என்னே எழுப்பிகினு போனா. நான் போட்டது பாதி மொளைக்கவே இல்ல, அதையும் சொல்லிட்றேன். பயந்துகினு ராத்திரியோட புது வெதை ஊனி வெச்சிருக்கறேன்."

"அடிப் பாவி" என்றார் கஸ்தூரியம்மா.

"இன்னா பாவி? உனுக்கு ராசி பூட்ச்சுன்னு என் தலையில கட்டினாங்கோ. எனுக்கு எப்போ இருந்தது?"

அப்போதுதான் கஸ்தூரியம்மா சிரித்தார். வள்ளியைப் பார்த்துத்தான், என்னைப் பார்த்து அல்ல. சிரிப்பு நின்றபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வள்ளி அவர் மடியிலிருந்து தட்டை எடுக்கவில்லை. "போடுக்கா" என்றார்.

"இருடி."

கஸ்தூரியம்மா முந்தானையில் கையை நன்றாகத் துடைத்தார். விதைகளில் நல்லதாக ஒன்றைத் தேடி எடுத்தார். முதல் குழியில் விரலால் ஒரு பள்ளம் செய்து, அதை உள்ளே வைத்து, மண்ணை மூடினார். அப்படியே கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் மண்மேல் வைத்திருந்தார். பிறகு அடுத்த குழிக்கு நகர்ந்தார்.

கடைசிக் குழிக்கு வந்ததும் திரும்பாமலே கேட்டார்: "அவரைப் பூவு நமக்குக் கத்திரிப்பூக் கலரு. தேன்பூச்சிக்கு அது எப்படித் தெரியும்?"

எவ்வளவோ படித்திருக்கிறேன். எதையாவது சொல்லியிருக்க முடியும்.

"தெரியாதும்மா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், அன்று முதல் தடவையாக நேராக.

"தெரியாதுன்னு சொல்ல வருது பாரு உனுக்கு. அப்பவே வந்திருந்தா..." பக்கத்தில் இருந்த சொம்பை என் பக்கம் நகர்த்தினார். "இந்தா, தண்ணி ஊத்து. மெதுவா. வெதை மேல வந்துடப் போவுது."

நான் முழங்காலில் நகர்ந்து நகர்ந்து, ஒவ்வொரு குழியாக, மெதுவாக ஊற்றினேன்.